வேலை செய்யக் கூடாதவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி பிரிப்பது அவள் வேலை. சமையலும் வீடு பெருக்குவதும் மகளின் சாப்பாட்டு டப்பாவும் கணவர் பொறுப்பு. துணியை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வெள்ளை ஒரு குவியல், சாயம் போவது ஒரு குவியல், எண்ணெய் பட்டது தனி. வாரம் ஆறு நாள் ஓட்டல் சலவைக்கூடத்தில் ஊரார் அழுக்கோடு மல்லுக்கட்டுகிறவள், ஏழாம் நாள் வீட்டு அழுக்கையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

அன்று கூடையில் கணவரின் பழுப்பு பேன்ட் இல்லை. போன வாரமும் இருக்கவில்லை. தேடினால், குளியலறைக் கம்பியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசிப் போடாத மனிதர்.

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கறை டாக்டர். தேநீரா, மையா, உதட்டுச் சாயமா என்பது மட்டுமில்லை, எத்தனை நாளுக்கு முன்னால் பட்டது என்பதையும் சொல்லிவிடுவாள். "அக்காகிட்ட வீட்டுச் சட்டையக் காட்டிடாதீங்கடி, ஜாதகத்தையே பிரிச்சு வச்சிடுவா" என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

பேன்ட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வலது முழங்காலில் சாம்பல் நிறத்தில் சிறு சிறு கட்டங்களாக ஒரு கறை. சைக்கிள் சங்கிலியின் மசகு. மசகு பட்டால் முதலில் மாவு தூவி ஒற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், சூடு காட்டவே கூடாது. இதைச் சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். 'உம்' கொட்டிக் கேட்ட மனிதர், மறைக்கிற அவசரத்தில் வெந்நீரை ஊற்றியிருந்தார்.

வேறொரு வீட்டில் இது வெறும் பேன்ட். இந்த வீட்டில் மூன்று பேருடைய இருப்பிட அட்டை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் முதலில் இந்த நாட்டுக்கு வந்தாள். அவளுடைய அட்டையில் தொழிலும் முதலாளியின் பெயரும் சேர்த்தே அச்சடித்திருக்கும். இந்தச் சலவைக்கூடத்தை விட்டு அடுத்த தெருவில் உள்ள இன்னொன்றுக்குத் தாவ முடியாது. இங்கே வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு முதலாளி, இல்லாவிட்டால் மூட்டை முடிச்சு. இரண்டு வருஷம் கழித்து வந்த கணவரும் மகளும் அவள் அட்டையைப் பிடித்துத் தொங்குகிறார்கள். கணவருடையதில் எழுதியிருப்பது: உடன் வசிப்பவர், வேலை செய்ய அனுமதி இல்லை. பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். வந்த புதிதில், "நாற்பத்தி மூணு வயசுலயே ரிட்டயர் பண்ணிட்டாங்க, கொடுத்து வச்சவன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் வருஷம் அந்தப் பேச்சு நின்றுபோனது.

போன வருஷம் பக்கத்துக் கட்டடத்தில் அப்படி உடன் வசித்த ஒருத்தி, அண்டை வீட்டுக் குழந்தைகள் இரண்டைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டாள். யாரோ அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். நாட்டை விட்டுப் போகக் குடும்பத்துக்கே பதினான்கு நாள் கெடு. கட்டிலைக்கூட விற்க நேரமில்லாமல் போனார்கள். எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகு இந்தப் பக்கத்தில் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்பதில்லை.

நாளை காலை பத்து மணிக்கு அட்டை புதுப்பிக்கப் போக வேண்டும். மகளுக்கு நாலு மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

இதற்கு நடுவில் வியாழக்கிழமை, சலவைக்கூடத்தில் எதிர்மேசைக்காரி படுக்கை விரிப்பை மடித்தபடி கேட்டாள்: "உன் வீட்டுக்காரர சைக்கிள் கடைப் பின்சந்துல பாத்த மாதிரி இருந்துச்சே?"

"காய் வாங்கப் போயிருப்பாரு."

"இருக்கும் இருக்கும். குந்திக்கிட்டு இருந்தாரு."

"கால் வலிச்சா குந்த மாட்டாங்களா?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் இவள் எதற்கு இதைச் சொல்கிறாள்? இந்த வருஷம் ஓட்டல்காரர்கள் எல்லோருக்கும் புதுப்பிப்புக் கடிதம் தரப்போவதில்லை என்று ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. எதிர்மேசைக்காரியின் அட்டையும் அடுத்த மாதம் முடிகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து காவலாளி வணக்கம் சொன்னால்கூட, இவன் ஏன் இன்று சொல்கிறான் என்று தோன்றியது.

கணவர் பதினொரு மணிக்குக் காய்ப் பையோடு வந்தார். மகள் தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். அவரைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டு, பேன்ட்டைக் கட்டில்மேல் விரித்தாள்.

"ஏங்க, இத யாரு தொவச்சது?"

"நான்தான். உனக்கு ஒரு வேல கொறையட்டுமேன்னு."

"பதினெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் இரக்கம் வந்துச்சா?"

"வந்தா தப்பா?"

"வெந்நீர் ஊத்தினீங்களா?"

"அழுக்கு போகட்டும்னு."

"போகல. குடும்பத்தோட குடியேறிடுச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார். "படிக்கட்டுல எவனோ சைக்கிள நிறுத்தி வச்சிருந்தான். உரசிடுச்சு."

"உரசினா ஒரு கோடு விழும். இது முட்டியச் சங்கிலி மேல வச்சு அழுத்தினது. பழைய கறை மேல புதுக் கறை வேற."

"வீட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேஷன் வச்சு நடத்துறியா நீ? யாரு சொன்னா, அந்த எதிர்மேசைக்காரியா?"

"எத்தன நாளா?"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "காசு வாங்கல. கடைக்காரனுக்குக் கியர் கழட்டத் தெரியல. பாத்துக்கிட்டே நிக்க முடியலம்மா, கை அரிக்குது. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள்."

கொஞ்சம் முன்பு ஒன்றுமே இல்லை. இப்போது இரண்டு நாள். இன்னும் கேட்டால் நாலாகும் என்று நினைத்தாள். காசு வாங்கவில்லை என்பதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

"வாங்கினாலும் வாங்காட்டியும் வேல வேலதான்னு போட்டிருக்கு. பக்கத்துக் கட்டடத்துக்காரி என்ன கோட்டையா கட்டினா? ரெண்டு புள்ளைங்களத் தூங்க வச்சா."

அலமாரியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். உடன் வசிப்பவர் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ எந்த வேலையும் செய்யவில்லை என்ற உறுதிமொழி. கீழே இரண்டு கட்டம். ஒன்றில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவளுடைய கட்டம் காலி.

"நீங்க எப்பவோ போட்டுட்டீங்க."

"வருஷா வருஷம் போடறதுதானே. உள்ள வந்து யாரு பாக்கப்போறா?"

"நாளைக்கு அட்டை ஆபீஸ்ல அந்த அம்மா என் மூஞ்சியப் பாத்துக் கேக்கும். வருஷா வருஷம் நான் உண்மையத்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "உண்மைன்னு நெனச்சு சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வருஷமும் இதே கட்டிலில்தான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அப்போது எந்தப் பேன்ட் போட்டிருந்தார் என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே அந்தச் சந்துப் பக்கம் போக மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பொய்யின்னு தெரிஞ்சே நான் கையெழுத்துப் போடறேன். புள்ள பரீட்சை முடியற வரைக்குமாவது. சொல்வீங்களா?"

அவர் எழுந்தார். பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கட்டிலைச் சுற்றி நடந்து, அறையை விட்டு வெளியே போனார்.