ஜெயமணிக்கு வாசித்தவர்கள்

போன வாரம் மளிகைச் சாமான் பட்டியல் எழுத ஒரு பென்சிலைத் தேடியெடுத்துச் சீவினேன். ஒரு முனையை முடித்துவிட்டு ஏதோ நினைவில் மறு முனையையும் சீவிவிட்டேன். வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்து, "இதென்ன, ரெண்டு பக்கமும் மூக்கு?" என்று சிரித்தார். சுருக்கெழுத்துப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். டிக்டேஷன் நடுவில் முனை ஒடிந்தால் சீவ நேரம் இருக்காது, புரட்டிப் பிடித்து எழுத வேண்டியதுதான். நேற்றுக் கழற்றி வைத்த கண்ணாடி எங்கே என்பது எனக்கு மறந்துவிடுகிறது, கைக்கு இது மறக்கவில்லை.

சீவலின் வாசனை சும்மா இருக்குமா? டைப்ரைட்டர் ரிப்பனின் மை வாசனையையும், கீழே பால்கோவாக் கடையில் பால் சுண்டுகிற வாசனையையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில், அந்தக் கடையின் மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில்தான் நானும் ஜெயமணியும் தமிழ்ச் சுருக்கெழுத்துப் படித்தோம். நான் படித்தது கல்யாணம் ஆகும்வரை பொழுது போக வேண்டுமே என்று. ஜெயமணி அப்படியில்லை. வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவாள். அப்பா இல்லை. அம்மா ராஜபாளையத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்துப் பார்த்து, மூச்சு முட்ட இருமிக்கொண்டு வீட்டில் கிடந்தார். அதே மில்லில் வேலை பார்த்த தாய்மாமன்தான் குடும்பத்தைத் தாங்கினார். சுருக்கெழுத்தில் ஹையர் என்ற மேல்நிலைப் பரீட்சை தேறினால் சர்க்கார் வேலைக்கு எழுதிப் போடலாம், தேறாவிட்டால் அம்மா நின்ற இடத்தில் இவள் போய் நிற்க வேண்டும். அவள் பயந்தது வேலைக்கு அல்ல, அந்த இருமலுக்கு.

இன்ஸ்டிட்யூட் நடத்திய சார் கோயிலில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். அவர் வாசித்தால் வேகம் இம்மியும் கூடாது, குறையாது. கடிகாரமே பார்க்க மாட்டார். கேட்டால், "வாய்க்குத் தெரியும்மா" என்பார். பட்ஜெட் உரையைக்கூட மார்கழிக் காலைத் திருப்பாவை மாதிரி இழுத்து நிறுத்தி வாசிப்பார். எங்கள் பென்சில் அந்த ராகத்தில் தானாக ஓடும். ஒரு பிழை வராது. பரீட்சையைப் பற்றி எங்களுக்குத் துளியும் பயமில்லாமல் போனது அதனால்தான்.

மதுரையில் பரீட்சை. முன்பின் அறியாத ஒருவர் வந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். அதே தமிழ், அதே வேகம். ஆனால் மூச்சு விட வேண்டிய இடத்தில் விடாமல், விடக்கூடாத இடத்தில் விட்டு, பாதிச் சொல்லை விழுங்கி வாசித்தார். எனக்குக் கை நின்றுவிட்டது. பக்கத்தில் ஜெயமணியின் கையும் நின்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்லுப்பட்டி தாண்டி, கிருஷ்ணன்கோவிலும் போயிற்று. கண்டக்டர், "வன்னியம்பட்டி விலக்கு எறங்குறவங்க முன்னுக்கு வாங்க" என்று கத்தியபோது தற்செயலாகக் கீழே பார்த்தேன். ஜெயமணியின் விரல் தொடையில் எதையோ எழுதிப் பார்த்து, தடுமாறி, மறுபடி எழுதியது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஏட்டி, நாம தமிழ எழுதப் படிக்கல. சாரோட குரல எழுதத்தான் படிச்சிருக்கோம்."

இரண்டு பேருமே தேறவில்லை. மாமா, இன்னும் ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகு நாங்கள் குரல் பிடிக்க அலைந்தோம். ஒருத்தி வாசிக்க ஒருத்தி எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாசிக்கிறவளுக்கு அந்த நேரத்துப் பயிற்சி போய்விடுமே! இருவரும் எழுத வேண்டுமானால் மூன்றாவது ஆள்தான் வாசிக்க வேண்டும். ஜெயமணி போகிற சர்ச்சுக்கு நானும் போய்ப் பிரசங்கத்தை எழுதினேன். எங்கள் தெருக் குழாயடிச் சண்டையை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினோம். அதில் சில சொற்களுக்கு எந்தப் புத்தகத்திலும் குறியீடு கிடையாது. தெலுங்கு பேசுகிற வீட்டு அக்கா ஒருத்தி தமிழ்ப் பத்திரிகையை ஒரே ஓட்டமாக வாசித்து எங்களைத் திணறடித்தாள். அவர் குரல் மட்டும் போதவில்லை என்று சாரிடம் சொல்லத்தான் தயங்கினோம். சொன்னதும் அவர் முகம் வாடிப்போயிற்று. மறுநாள் டைப் படிக்க வந்த ஒவ்வொருவரையும் பிடித்து எங்களுக்கு வாசிக்க வைத்தார்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் ராஜபாளையத்துக்குப் போய், மாமா வேலை பார்த்த மில் வாசலில் நின்றோம். போனஸுக்காக கேட் மீட்டிங். தொழிற்சங்கத் தலைவர் ஆவேசமாகப் பேசப் பேச, நாங்கள் வேப்பமரத்தடியில் நின்று எழுதினோம். அது எப்படிப்பட்ட காரியம் என்று எங்கள் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. ஒரு தொழிலாளி வந்து ஜெயமணியின் நோட்டைப் பறித்தார். கோடும் வளைவும் புள்ளியுமாக இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏட்டி, யாருக்கு எழுதுதீய? மேனேஜர் அனுப்புனானா?"

கூட்டம் எங்களைச் சுற்றிவிட்டது. மாமா கும்பலை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். தன் அக்கா மகள்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த நோட்டைப் பார்த்துத் தானே சந்தேகப்பட்டு நின்றதை நான் பார்த்தேன். ஜெயமணியும் பார்த்தாள். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"எழுதுனத வாசி, பாப்போம்."

அவள் வாசித்தாள். அவர் சொன்னது அத்தனையும் வந்தது. பஞ்சுத் தூசியைத் தின்று இருமுகிறவர்களைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் அவள் குரல் உடைந்தது. நான் பென்சிலை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலைவர் நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினார்.

மறுநாளிலிருந்து மாமாவே வாசித்தார். ஷிஃப்ட் முடிந்து ஜெயமணி வீட்டுக்கு வந்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, பத்திரிகையை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பார். மிஷின் இரைச்சலில் காது மந்தமானவர். அதனால் அவர் வாசிப்பது கத்தல்தான். அன்றைய சேதி முழுக்க வன்னியம்பட்டிக்கே தெரிந்துவிடும். அந்த வேகத்துக்கு எழுத எங்களுக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. இருந்தாலும் ஜெயமணி ஒரு நாளும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த பரீட்சையில் வாசித்தவர் மூக்கடைப்போடு வந்திருந்தார். ஜெயமணி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவள் முதல் வகுப்பில் தேறினாள். நான் தட்டுத் தடுமாறித் தேறினேன். அவள் கோர்ட்டில் ஸ்டெனோவானாள், எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எத்தனையோ ஊராரின் வழக்கும் அழுகையும் அவள் பென்சில் வழியாகப் போயிருக்கும். அந்த இருமல் அவளை அண்டவில்லை. வேறு நோய் வந்துதான் போன வருடம் அவளைக் கொண்டுபோனது.

இன்ஸ்டிட்யூட்டின் மாடிப்படி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த மில்லும் இல்லை, சங்கும் ஊதுவதில்லை. சாரும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் சாரின் இழுப்பை நினைத்தால் என் விரல் தொடையில் சீராக ஓடுகிறது. மாமாவை நினைத்தால் எழுத்துக்கு எழுத்து நின்று நின்று போகிறது. ஜெயமணிக்காக நடந்த ஜெபத்தில் பாதிரியார் பேசியதைக்கூட அது தானாகச் சேலையில் எழுதிக்கொண்டிருந்தது.

பட்டியலை எழுதாமல் வைத்துவிட்டு, அவள் பேச்சை எழுதிப் பார்க்கலாம் என்று அன்று உட்கார்ந்தேன். விரல் அசையவில்லை. ஊரெல்லாம் குரல் தேடி அலைந்த நாங்கள், ஒருத்தி வாசிக்க ஒருத்தி எழுதியதே இல்லை. மில் வாசலில் அவள் வாசித்த அந்த ஒரு சாயங்காலமும் நான் பென்சிலை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன்.