கரித்துணியும் இன்டர்கூலரும்

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, கை துடைப்பதற்காகப் பையில் கரித்துணியைத் தேடினேன். இல்லை. அது எங்கே இருக்கிறது என்று நினைவு வந்த அதே நொடியில், போட்டித் திடலின் வேலிக்கு அந்தப் பக்கம் என் மகள் டிராக்டரின் எஞ்சினை முறுக்கினாள்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் குடியேறிய பிளாட் புஷ்ஷில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் கணினியும் மருந்தியலும் படிக்க, இவள் டிராக்டர் மெக்கானிக் ஆனாள். பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் பாடுபட்டு இழுவைப் போட்டிக்குத் தயார் செய்தாள். போகப் போகப் பாரம் கூடுகிற சறுக்குவண்டி ஒன்றைப் பின்னால் கட்டி நூறு மீட்டர் இழுக்க வேண்டும், அதுதான் போட்டி. தடுக்க முடியாததால் நானும் சேர்ந்துகொண்டேன். எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

இன்டர்கூலரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். எஞ்சினுக்குக் காற்றடைக்கும் டர்போ அழுத்தி அனுப்பும் காற்று கடும் சூடாக இருக்கும். எஞ்சினுக்குள் போகுமுன் அதைக் குளிர்விக்கிற பெட்டி அது. பதினான்கு மாதிரிகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, காற்றால் குளிரும் வகையைப் பரிந்துரைத்தேன். தண்ணீர் வகை ஒழுகினால் என்ன ஆவது என்ற பயம். குழாய் வேலை செய்து தந்த மன்னார்க்கார வெல்டர் என் பட்டியலை மரியாதையாக முழுவதும் வாசித்தார். பிறகு, அரை நிமிடத்துக்குள் ஓடி முடித்து நிற்கிற வண்டிக்கு முகத்தில் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டார். பதினான்கு வரிசையில் எதிலும் அந்தக் கேள்வி இல்லை. ஐஸ் தண்ணீர் நிரப்புகிற வகையையே வாங்கினோம்.

பெட்டியைப் பொருத்தியதும் உள்ளே காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். மூன்று முறை.

“இனியும் தடவினா பெட்டிக்குக் கூசும், அக்கா” என்றார் வெல்டர்.

போட்டியன்று காலை, டிராக்டரை டிரெய்லரில் ஏற்றுமுன் பூஜை. எங்கள் வீட்டில் சைக்கிள்கூட மஞ்சள் குங்குமமும் எலுமிச்சையும் இல்லாமல் உருண்டதில்லை. கடைசிச் சரிபார்ப்புக்காகக் கழற்றிய குழாய்கள் இன்னும் மாட்டப்படவில்லை. பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் வாய் திறந்து கிடந்தது. விபூதி உள்ளே விழுந்துவிடுமே என்று கரித்துணியைச் சுருட்டி அதில் ஆழமாக அடைத்தேன். எவ்வளவு பொறுப்பானவள் என்று மனதுக்குள் என்னையே பாராட்டிக்கொண்டு, சர்க்கரைப் பொங்கல் எடுத்துவரப் போனேன். திரும்பி வருவதற்குள் வெல்டர் குழாய்களை மாட்டி கிளிப்புகளை இறுக்கியிருந்தார். நானும் எல்லாருக்கும் பொங்கல் பரிமாறினேன்.

மெதுவாக ஓட்டும்போது துணியை ஒட்டி நுழைகிற காற்றே எஞ்சினுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. முழு வேகத்துக்குப் போதாது. துணி உள்ளே இழுபட்டால் எஞ்சினும் போகும், இரண்டு வருட உழைப்பும் போகும், அதன் மேல் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. வேலியைப் பிடித்துக்கொண்டு “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினேன். பத்து வருடமாக ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்துகிறவளுக்கு ‘ஸ்டாப்’ என்ற ஒரு சொல் வரவில்லை. கொடி வைத்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். உற்சாகப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அசைத்த கையோடு பச்சைக் கொடியையும் காட்டினார்.

டிராக்டர் பத்து மீட்டர் போயிருக்கும். கரிய புகை. பிறகு வெடி மாதிரி ஒரு சத்தம். வழி அடைபட்ட காற்று, டர்போ பக்கத்துக் குழாயைப் பிடுங்கி எறிந்திருக்கிறது. துணி ஒரு வளைவில் சிக்கிக்கொண்டதால் எஞ்சின் தப்பியது என்பதெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது புகை மட்டும்தான். அதற்குள் மகள் தெரியவில்லை.

வேலியைத் தாண்டப் போனேன், பிடித்துக்கொண்டார்கள். நான் அவளுடைய அம்மா என்றேன். அதனால்தான் விட முடியாது என்றார்கள்.  

புகையிலிருந்து கடைசியில் வெளியே வந்தவர், அதற்குள் ஓடிப்போயிருந்த வெல்டர். மூச்சு வாங்க வேலியருகே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கக் கூசி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பிள்ளைக்கு ஒண்டுமில்லை அக்கா, பயப்பிடாதேங்கோ. பிழை என்ரதான். கிளிப்பை நான் வடிவா இறுக்கேல்லைப் போல.”