மல்லாட்டை அறையில் கேட்ட மூச்சு

அடி அண்ணாமலையில் கன்னியம்மாளின் வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது. அவளுடைய அப்பா வேடியப்பன் அதற்குள்தான் மூச்சு இழுத்து இழுத்துச் செத்துப்போனார். கதவைத் திறந்தபோது மூட்டைமேல் சாய்ந்திருந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

மறுவருஷம், 1991இல், மழை விட்ட ஒரு காலையில் விதைக்காயை எடுக்கக் கன்னியம்மாள் உள்ளே போனாள். மூட்டையை அசைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். முதுகுக்குப் பின்னால் மெல்லிய விசில் கேட்டது. அப்பா மூச்சு விடும் அதே சத்தம். திரும்பினாள். யாருமில்லை. மூச்சை அடக்கினாள்; சத்தமும் நின்றது. விட்டாள், மறுபடி கேட்டது. அது தன் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்று புரிந்ததும் விதைக்காயைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வெளியே வந்து விழுந்தவளைத் தூக்கியவள் அண்ணி பாஞ்சாலை. தினமும் அதே அறையில் உட்கார்ந்து காய் உடைப்பவள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

"பெத்த பொண்ணைத்தான் கூப்புடுறாரு. நான் வேத்து ரத்தம், என்னை உட்டுட்டாரு" என்றாள் பாஞ்சாலை.

ஊரும் அதையே சொன்னது. பூசாரி கயிறு மந்திரித்துக் கட்டினார். கயிற்றோடு உள்ளே போன அன்று இழுப்பு இன்னும் ஜாஸ்தியானது. தன்மேல் உயிரையே வைத்திருந்த அப்பா எதற்குத் தன் மூச்சை நெரிக்க வேண்டும்? அதை நினைத்து நினைத்து மனசு ஆறாமல்தான் அவள் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டர் கோதண்டராமன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அறைத் தூசியைக் கொண்டுவரச் சொன்னார். பாஞ்சாலை அதை ஒரு டப்பாவில் வாரி வந்தாள். கறுப்புக் காகிதத்தில் கொட்டி, பூதக்கண்ணாடியை மேலே பிடித்தார்.

தூசி நகர்ந்தது.

"ஐயோ!" என்று பாஞ்சாலை பின்னால் துள்ளினாள்.

"செள்ளு மாதிரி ஒரு பூச்சிம்மா. ஈரக் காய்ல கோடிக்கணக்கா பெருகும். நிறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சில குடும்பத்து உடம்புக்கு ஆவறதில்ல. அது பரம்பரையா வர்ற வாகு."

"அப்ப எங்கப்பா?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

"அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதாள். அவர் கூப்பிடவே இல்லை, பாவம், தவித்திருக்கிறார்.

அண்ணன் சுவரை இடித்து இரண்டு ஜன்னல் வைத்தான். மூட்டைகளை வெயிலில் காயப்போட்டான். கன்னியம்மாள் அந்த அறையை விட்டொழித்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் விற்றாள். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் எப்போதும் இடுப்பில் இருந்தது.

பாஞ்சாலைதான் அதற்கப்புறம் அங்கே உட்காரவே மாட்டேனென்று காயை முற்றத்துக்கு வாரிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டவர்களிடம் சொன்னாள்: "பேய்னா ஒண்ணே ஒண்ணுதான்னு தைரியமா இருந்தேன்."