குதிரை ஏறிய படிகள்

வரித் தீர்ப்பாயம் இரண்டாவது மாடியில் இருந்தது. அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. ஆகவே வரி வக்கீல் என்று அவள் எடுத்த பேரில் பாதி, தம்பியின் முதுகுக்குச் சேரும்.

தம்பி வாடகை வேன் ஓட்டினான். வழக்கு நாளில் வேனைக் கீழே நிறுத்திவிட்டு, கேஸ் கட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறுவான். ஏறி முடிப்பதற்குள் அன்றைய வாதத்தை அவன் காதில் சொல்லிவிட வேண்டும். புரியாவிட்டால் படி திரும்பும் இடத்தில் நின்றுவிடுவான்.

"எனக்கே புரியலன்னா மேல ஒக்காந்திருக்கிறவங்களுக்கு எப்படிக்கா புரியும்?"

"அவங்க படிச்சவங்கடா."

"அப்போ இன்னும் கஷ்டம்."

ஆபீஸ் ப்யூன்கள் அவனுக்குக் குதிரை என்று பேர் வைத்திருந்தார்கள். அவனும் கோபித்துக்கொள்ளாமல் ஒருமுறை கனைத்துக் காட்டிவிட்டு அவளை இறக்கிவிடுவான்.

ஒரு பிற்பகல், கேஸ் முடிந்தும் அவன் மேலே வரவில்லை. வரட்டும், நாலு வாங்கு வாங்குகிறேன் என்று அக்கா வராந்தா பெஞ்சில் கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வேனில் அவன் மாரடைப்பில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தான்.

வருடக்கணக்காக அவள் மனுப் போட்டுக் கேட்ட லிஃப்ட், அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த கேஸ்களையெல்லாம் அவள் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டாள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் மட்டும் விடவில்லை. பழசுக்குப் பதிலாகப் புது கம்ப்ரஸர் வாங்கிய செலவைப் பழுதுபார்ப்பு என்று ஒப்புக்கொள்ளாமல், அது புதுச் சொத்து என்று வரி போட்டிருந்தார்கள். அந்த வரி நிலைத்துவிட்டால் அவர் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். இதில் வாய் எழவில்லையென்றால் கவுனைக் கழற்றிவிடுவது என்று அக்காவும் முடிவு செய்திருந்தாள்.

லிஃப்ட் அவளை வாதத்தின் முதல் வாக்கியம் முடிவதற்குள் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டது. உள்ளே தீர்ப்பாயத்தின் முன்னால் நின்றாள். ஒன்றும் வரவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா வக்கீலம்மா?" என்றார் தீர்ப்பாயத் தலைவர்.

கொஞ்சம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு வெளியே வந்து மேல்படியில் உட்கார்ந்தாள். கீழே, திரும்பும் இடத்துச் சுவரில் அவன் கை ஊன்றி ஊன்றிக் கறுத்த தடம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஃபேக்டரிதான்டா சொத்து. கம்ப்ரஸர் அதுல ஒரு பாகம். பாகத்தை மாத்தினா அது ரிப்பேர்தான்."

கன்னத்தில் வெதுவெதுப்பாக ஒரு பிடரியின் சூடு பட்டது. வியர்வை வாடை.

"புரியலக்கா. புதுசா வாங்கிட்டு ரிப்பேருங்கறியே?"

அவள் அசையவில்லை. முதுகிலிருந்து இறங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. போன வருடம் அவள் காலில் மாட்டும் இரும்புக் கம்பி முறிந்து புதிது போட்டபோது அவன் சிரித்த சிரிப்பு அந்தச் சூட்டோடு வந்தது. புதுக் கம்பி மாட்டிட்டா ஓடவா போறே, அதே நடைதானே என்று கேட்டிருந்தான்.

உள்ளே போய் அக்கா விடாமல் பேசினாள். பழைய கம்ப்ரஸரில் எத்தனை பாளம் ஐஸ் வந்ததோ, புதியதிலும் அத்தனைதான் வந்தது என்று காட்டினாள். நடுவில் சட்டென்று நின்று, இடப்பக்கம் தலையைச் சாய்த்து, "என் காலுக்குப் புதுக் கம்பி போட்டதால நான் ஓடலையே," என்றாள்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. உத்தரவைச் சொல்லி முடித்த பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு கேக்கலாமா? நடுவுல யாருக்கோ பதில் சொன்னீங்க. அந்தக் கேள்வியை இங்க யாரும் கேக்கலையே."

அக்கா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கம்மா, இறங்கலாம்."

"நீங்க போங்க. எனக்கு ஆள் வரும்."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கோபப்படாமல் காத்திருந்தாள்.