மேரி மூன்று

கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் என் மகள் ஒரு பயிற்சியைச் சத்தமாக வாசித்தாள். பட்டியலில் ஒரே பெயர் திரும்ப வந்தால் அதன் பின்னால் ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டுமாம். எனக்கு எரிச்சல் வந்தது.

எழுபதுகளில், தூத்துக்குடியில், எங்கள் எட்டாம் வகுப்பில் மூன்று மேரி பர்னாந்துகள். நம்பர் போட்டது டீச்சர். லாஞ்ச் படகு முதலாளியின் மகள் மேரி ஒன்று. கடலில் சங்கு குளிப்பவரின் மகளான நான் மேரி மூன்று. முதல் நாள் வரிசையில் முதலில் நின்றவள் நான்தான்.

விடுதியில் தங்கி இலவசமாகப் படிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அதற்கான பரீட்சையை மூன்று மேரிகளில் நான் மட்டும்தான் எழுதினேன். மேரி பர்னாந்து தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. டீச்சர் அந்த இடத்துக்கு மேரி ஒன்றை அனுப்பிவிட்டார்.

உப்புத் தண்ணீரில் சிவந்த கண்ணோடு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கேட்கப் போனார்.

“அந்தப் பிள்ள பரீட்சையே எழுதலியே, டீச்சர்.”

“கடுதாசில நம்பர் இல்லியே, அண்ணாச்சி. பேரு சரியாத்தான இருக்கு?”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏளா, நீ நெசமாவே எழுதுனியா?”

பரீட்சை முடியும்வரை வெளியே வெயிலில் நின்றவர் அவர்தான்.

டீச்சர் செய்தது திருட்டு. ஆனால் அப்பா கேட்டதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. மகள் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டாள்.