மவுஸில் பின்னிய நாற்காலிகள்

பிரம்பும் இல்லாமல், ஒயரும் இல்லாமல், மவுஸைப் பிடித்துக்கொண்டு நாற்காலி பின்னுவது என் தொழில். இன்னும் முடியாத வீட்டின் கூடத்தையும் வராந்தாவையும் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே படமாக்கிக் காட்டுவோம். அதில் போடுகிற பின்னல் சாய்வு நாற்காலிகள் என் பொறுப்பு. இதே வேலையில் கண்ணையும் கழுத்தையும் கெடுத்துக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

ஆறு மாதம்

தொண்ணூறுகளின் நடுவில், பம்பு கம்பெனி ஒன்றின் டிராயிங் பிரிவில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் வீட்டு உள்ளலங்காரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அப்போதுதான் எனக்குப் பெண் பிறந்திருந்தாள். கம்ப்யூட்டர் ஆசையில் குடும்பத்தைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று முதல் நாளே யோசித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தை நடத்திய மேடம் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "ஆறு மாசம் பாக்கலாமுங்க. உங்க படத்தைப் பாத்து ஒரு ஊட்டு வேலையாச்சும் வந்தாச் சரி. இல்லீன்னா இந்தக் கம்ப்யூட்டர் மெசினை வித்துப்போடலாம், நீங்களும் வேற எடம் பாத்துக்கோணும்."

கோடு கோடாக

பின்னல் என்றால் அன்றைய கம்ப்யூட்டருக்கு ஆகாது. சாதாரண சோபாவை அரை மணியில் வரைந்துவிடும். நாற்காலியின் ஒவ்வொரு இழையும் எங்கே மேலே, எங்கே கீழே என்று கணக்குப் போட அரை நாள் எடுக்கும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரியும் அவர் மனைவியும் காலையிலேயே வந்துவிட்டார்கள். திரையில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், நாற்காலியின் முதுகு வந்திருந்தது. கைப்பிடி வருகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. அந்த அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, பிரம்பு வாங்கி நெசமாவே பின்னியிருந்தா இன்னேரம் அதுல உக்காந்து காப்பி குடிச்சிருக்கலாமுங்களே?"

யானைக்கு விட்டது

யானை இறங்கும் மலையடிவாரம், தொண்டாமுத்தூர்; அங்கே தோட்டக்காரர் ஒருவருக்கு வராந்தா படம். இந்த முறை வேகமாக முடிய வேண்டும் என்று இழைகளைத் தடிமனாக்கினேன். நாற்காலியும் அகலமாகி, பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அவர் நாற்காலியின் மேல் இரண்டு விரலை அகட்டி வைத்தார். அதே அகலத்தோடு விரலைக் கதவுக்கு நகர்த்தினார். விரல் கதவின் அகலத்தைத் தாண்டி நின்றது. "ஆனை வந்தா நாங்க உள்ள ஓடிப்போயிருவமுங்க. இந்த நாற்காலி கதவுல நுழையாதே, இதை ஆனைகிட்டயே உட்டுப்போட்டுப் போறதுங்களா?"

அந்த வேலையும் வரவில்லை.

நடு இழை

ஆறாவது மாதம் சூலூரிலிருந்து ஒருவர் வந்தார். விசைத்தறி முதலாளி, புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கான நாற்காலியில் நான் ஒரு தந்திரம் செய்திருந்தேன். பாதியை மட்டும் பின்னி, மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டிவிட்டேன். பாதி வேலை மிச்சம். படம் அழகாகத்தான் இருந்தது. மேடமும் நன்றாயிருக்கிறது என்றார்.

அவர் பிரிண்ட் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நடுவுல ரெண்டு இழையும் சேந்தாப்பல மேலயே போகுதுங்களே" என்றார். பிரிண்ட் சரியாக விழவில்லை என்று சொல்லியிருக்கலாம்; மேடம் அதைத்தான் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு, பாதிதான் பின்னினேன், மீதி திருப்பிப் போட்டது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அது நேர்மையா, அல்லது எப்படியும் வேலை போகப்போகிறது என்ற விரக்தியா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, படத்தின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். "ரெட்டைப்படையா இழை வெச்சு மடக்குனா இப்படித்தானுங்க வரும். ஒத்தைப்படையா வெச்சு, நடு இழை மேலயே மடக்குங்க. பார்டருக்கு நாங்க அப்படித்தான் பண்றது." பத்து இழையைப் பதினொன்றாக்கினேன். மறுநாள் சாயங்காலம் புதுப் படத்தைக் கொடுத்தபோது நடு இழையை மட்டும் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, மேடம் பக்கம் திரும்பினார்: "எங்க தறிக்காரனா இருந்தா மெசினு மேல பழியைப் போட்டிருப்பானுங்க. இவரு போடலை. ஊட்டு வேலைய ஆரம்பிச்சுக்குங்க, படமெல்லாம் இவரே போடட்டும்."

நெய்யத் தெரிந்தவர்களுக்குப் பின்னிக் காட்டிப் பிழைக்கும்படி என்னை இந்த ஊரில் கொண்டுவந்து விட்ட விதிக்கு நன்றி சொல்கிறேன், ஆனால் இன்றைக்கும் யாராவது படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எனக்கு வியர்த்துவிடுகிறது.