மூன்று டம்ளர் உப்புத் தண்ணீர்

எங்கள் லைன் வீட்டில் பத்துக் குடித்தனம். அதில் நர்சுக்குப் படித்தவள் இசக்கிமுத்துவின் மகள் அனுசுயா ஒருத்திதான். இசக்கிமுத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இருபது வருஷமாகச் சாயப்பட்டறையில் வேலை. நான் கணியூர்க்காரன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

2008ஆம் வருஷம் அனுசுயாவுக்குத் திருப்பூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய பதினைந்து நாளும் அவள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களைப் பிடித்து பிரஷர் பார்ப்பாள். ஓடும்போது வழுக்குகிறதா என்று பார்க்க, புது வெள்ளை ஷூவோடு வாசலில் ஓடுவாள். “இவ வேலைக்குப் போறாளா, பந்தயத்துக்குப் போறாளா?” என்று அவள் அம்மா பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

என்னை நோயாளியின் சொந்தக்காரனாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழகுவாள்.

“என்ன குடிச்சாங்க? எத்தன மணிக்கு? வாந்தி எடுக்க வச்சீங்களா?”

“வெச்சனுங்க. உப்புத் தண்ணி கலக்கி ஊத்துனனுங்க.”

இந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வாசல் தெளிக்க விற்கிற விஷச் சாயமான சாணிப்பவுடரைக் கோபத்தில் குடித்துவிடுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்த காலம் அது. யார் எதை விழுங்கினாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன் உப்பு டப்பாவைத் தேடுவோம்.

“அங்கதான் தப்பு, மாஸ்டர் அண்ணே. ஆசிட், காஸ்டிக் எல்லாம் உள்ள போகும்போது ஒருக்க வேகும். வாந்தி எடுத்தா வெளிய வரும்போது இன்னொருக்க வேகும். எதுவும் குடுக்காம தூக்கிட்டு வரணும்.”

“சரிங்க, டாக்டரம்மா” என்று கும்பிட்டேன். எல்லோரும் சிரித்தோம். இசக்கிமுத்துதான் அதிகம் சிரித்தார்.

அவள் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க இசக்கிமுத்து பட்டறையிலிருந்து, பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்து வைத்திருந்தார். பட்டறைக்காரர் வீடுகளில் இது வழக்கம்தான். மறுநாள் மதியம் ஷிப்ட் முடிந்து வந்தார். கரண்ட் இல்லை, அறைக்கு ஜன்னலும் இல்லை. தாகத்தில் கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டார். அவரே வைத்த பாட்டில்.

சத்தம் கேட்டு ஓடினேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டுகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? உப்பு டப்பாவைத் தேடினேன்.

“குடுக்காதீங்க, அண்ணே! அது காஸ்டிக்!” அனுசுயா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சும்மா இரு, கண்ணு. நீ இன்னும் வேலைக்கே சேரலை” என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

“உங்கப்பன் சாகப் போறாரு, நீ பொஸ்தகம் பேசுதியாட்டி!” என்று பாண்டியம்மாள் மகளைப் பிடித்து உலுக்கினாள். பத்துக் குடித்தனமும் ஊற்று, ஊற்று என்று கத்தியது. எத்தனை பேரோடு ஒருத்தி சண்டை போடுவாள்? கடைசியில் அவளே உட்கார்ந்து அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். நான் இடது கையால் அவர் தாடையை அமுக்கிப் பிடித்து ஊற்றினேன். மூன்றாவது டம்ளரில் வாந்தி வந்தது. ரத்தமாக வந்தது.

ஆட்டோவில் போட்டு, அவள் சேர இருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட கேள்விகள் எனக்கு ஏற்கெனவே பழக்கம். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, வாந்தி எடுக்க வைத்தீர்களா.

பக்கத்தில் தலைமை நர்ஸ் நல்லம்மாள் நின்றிருந்தார். அனுசுயாவை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். “நீ திங்கக்கெழம சேர்ற புள்ளதானே?” என்று கேட்டுவிட்டார். நர்ஸ் இருக்கிற வீட்டிலேயே இந்த லட்சணமா என்று வேலையை இல்லாமல் செய்துவிட்டால்?

“ஒண்ணுமே குடுக்கலீங்க, சார். அப்படியே தூக்கிட்டு வந்துட்டமுங்க” என்றேன். பாண்டியம்மாளும் தலையாட்டினாள்.

“பொய் சொல்லுதாங்க, சார்” என்றாள் அனுசுயா. “மூணு டம்ளர் உப்புத் தண்ணி குடுத்தோம். ரத்தமா வாந்தி எடுத்தாரு. குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான்தான் தலையப் பிடிச்சேன்.”

டாக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நல்லம்மாள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை அனுசுயா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்பா ஆஸ்பத்திரி மாடியில் குழாய்களோடு கிடந்தார், மகள் கீழே டூட்டி பார்த்தாள். “அப்பன் தேறி வரட்டும், கண்ணு, அப்புறம் சேரலாம்” என்று சொல்லிப் பார்த்தேன். “அவரு தேற மாட்டாரு, அண்ணே” என்றாள். நான்காம் நாள் மதியம், அவர் போய்விட்டதாக மாடியிலிருந்து போன் வந்தது. அதை எடுத்ததும் அவள்தான்.

போன மாசம் துணி வெட்டும்போது மெஷின் என் இடது கையைப் பிடித்துவிட்டது. அந்த அவசரப் பிரிவுக்கே போனேன். என் பக்கத்தில் நின்ற ஆயா, தூரத்தில் வந்துகொண்டிருந்த அனுசுயாவைக் காட்டிச் சிரித்தாள். “அவங்களுக்கு இங்க உப்புத் தண்ணி நர்சுன்னுதானுங்க பேரு. நாய் கடிச்சு வந்தாலும் ஊட்டுல என்ன குடுத்தீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அனுசுயா என் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள்.

“காயத்துல என்ன வச்சீங்க, அண்ணே?”

“ரத்தம் நிக்கட்டும்னு காபித்தூள் வெச்சேன், கண்ணு” என்றேன்.

அவள் திட்டவில்லை. குழாயைத் திறந்து, என் கையைத் தன் கையில் ஏந்திக் கழுவ ஆரம்பித்தாள். அவள் அப்பாவின் தாடையை அமுக்கிய கை அது. அவளுக்கும் அது தெரியும்.